எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது? மூட்டு, தசை நோயாளிகளின் தூக்கத்தை அளந்து பார்க்கும் முறை

"வலியில ராத்திரி பூரா தூக்கமே இல்லீங்க" என்று ஒருவர் சொன்னால் வழக்கமாக நடப்பது, படுக்கப் போகும்போது போட இன்னொரு வலி மாத்திரை சேர்வதுதான். இரண்டு வாரம் கழித்து அதே ஆள் அதே பேச்சோடு வருவார். முழங்கால் தேய்மானம் உள்ள அம்மாவின் தூக்கத்தைக் கெடுப்பது முழங்காலாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. குறட்டையாக இருக்கலாம், இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், சாயங்காலம் விழுங்கிய ஸ்டீராய்டாகவும் இருக்கலாம். வலி தூக்கத்தைக் கெடுக்கிறது. கெட்டுப்போன தூக்கம் மறுநாள் வலியைத் தாங்கும் சக்தியைக் குறைக்கிறது. எந்தப் பக்கம் பிடித்து இழுத்தால் இந்தச் சுற்று அவிழும் என்பது கேட்டு, தொட்டு, அளந்து பார்த்தால்தான் தெரியும்.

சேலம், ஏற்காடு பக்கம் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் பிசியோதெரபிஸ்டுகள், நர்சுகள், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வேலை செய்பவர்கள், வீட்டில் ஒருவரைக் கவனித்துக்கொள்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இது எழுதப்படுகிறது. முதல் தடவைக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். இஞ்ச் டேப், நோட்டு, பேனா போதும். நோயாளியின் பக்கத்தில் படுப்பவர் யாரோ அவரும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். குறட்டையைப் பற்றி குறட்டை விடுபவரிடம் கேட்டுப் பயனில்லை.

முதல் இரண்டு கேள்வி

"தூக்கம் எப்படி இருக்கு?" என்று கேட்டால் "இல்லீங்க" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். "நேத்து ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வந்துச்சு? முழிச்சதும் முதல்ல என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். பொதுவாக அல்லாமல் நேற்றைய இரவை மட்டும் கேட்க வேண்டும். மணியையும் செய்த காரியத்தையும் சேர்த்துப் பார்த்தால் காரணம் பாதி பிடிபடும்.

விழித்ததும் கையை உதறுகிறார் என்றால் மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி மரத்துப்போகும், சுண்டுவிரல் தப்பிவிடும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை செய்பவர்கள், தறியில் இழை முடிபவர்கள், நாள் முழுக்க மணிக்கட்டை மடக்கியே வேலை செய்பவர்கள் எல்லோரிடமும் இதைக் கேட்டே ஆக வேண்டும். சோதிப்பது எளிது. இரண்டு புறங்கைகளையும் ஒட்டவைத்து, விரல்கள் கீழே பார்க்க, மணிக்கட்டை மடக்கி 60 விநாடி வைத்திருக்கச் சொல்லுங்கள். அந்த விரல்களில் மரப்பு வந்தால் சந்தேகம் உறுதிப்படும். இவர்களுக்கு வலி மாத்திரை பெரிதாக உதவாது. மணிக்கட்டு மடங்காமல் நேராகப் பிடிக்கும் பட்டையை இரவில் கட்டினாலே பலருக்குத் தூக்கம் திரும்பும். தைராய்டு, சர்க்கரை இரண்டையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

விழித்ததும் மறுபக்கம் புரண்டு படுக்கிறார் என்றால் தோள் அல்லது இடுப்பின் பக்கவாட்டு எலும்பு. தோளுக்கு: முழங்கையை விலாவோடு ஒட்டி 90 டிகிரி மடக்கவைத்து, முன்கையை நீங்களே வெளிப்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். நீங்கள் திருப்பினாலும் திரும்பாமல் நின்றுவிட்டால் அது இறுகிப்போன தோள். சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம் வரும். அவராகத் தூக்கும்போதுதான் வலி, நீங்கள் தூக்கினால் சுலபமாகப் போகிறது என்றால் தசைநார்ப் பிரச்சினை. இடுப்புக்கு: ஒருக்களித்துப் படுக்கவைத்து மேலே துருத்தும் எலும்பை விரலால் அழுத்துங்கள். "அதேதான், அங்கதான்" என்று துள்ளினால் பாயில் அழுந்தும் இடம் அதுதான்.

விழித்ததும் எழுந்து நடக்கிறார் என்றால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நடந்தால் சுகம் என்பது இரண்டு தனித்தனி நோய்களுக்குப் பொருந்தும். விடிய இரண்டு மணி, மூன்று மணிக்கு முதுகு விறைத்து விழிப்பு, நடந்தால் இளகும், உட்கார்ந்தால் மறுபடியும் விறைக்கும், வயது நாற்பதுக்குள் தொடங்கியது, மூன்று மாதத்துக்கு மேல் இழுக்கிறது என்றால் அது அழற்சி முதுகுவலி. "தறியில உக்காந்தே இருக்கான், அதான்" என்று வீட்டில் சொல்லியே ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டிருப்பார்கள். வேலைக் களைப்பால் வரும் முதுகுவலி படுத்தால் குறையும். இது படுத்தால் கூடும். முதுகின் கீழே இரு பக்கமும் விழும் குழிகளை இணைக்கும் கோட்டில் இருந்து 10 செ.மீ. மேலேயும் 5 செ.மீ. கீழேயும் பேனாவால் புள்ளி வையுங்கள். முழங்கால் மடக்காமல் குனியச் சொல்லி இடைவெளியை அளங்கள். 15 செ.மீ. இருந்தது 20 ஆகவில்லை என்றால் முதுகு இறுகியிருக்கிறது.

நடந்தால் சுகம் தரும் இன்னொன்று கால் குடைச்சல். இது விடியற்காலை வருவதில்லை. படுத்த உடனே, அல்லது சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே தொடங்கும். காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றும், ஆட்டினால் அடங்கும், நிறுத்தினால் திரும்ப வரும், பகலில் அனேகமாக இருக்காது. கெண்டைக்கால் இழுப்பையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இழுப்பில் சதை கல்லாகத் திரண்டு கையில் தட்டுப்படும், சில நிமிடத்தில் விடும். குடைச்சலில் தொட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது. "வாயு" என்று சொல்லி தைலம் தேய்த்து உட்கார்ந்திருப்பவர்களில் கணிசமானவர்கள் இந்தக் கூட்டம்தான்.

எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார் என்றால் மூட்டை மறந்துவிட்டு இதயத்தையும் மூச்சுக்குழாயையும் பார்க்க டாக்டரிடம் அனுப்புங்கள். சிறுநீர் கழிக்கப் போகிறார், அதுவும் இரண்டு தடவைக்கு மேல் என்றால் சர்க்கரை, புராஸ்டேட், சாயங்காலம் போடும் நீர் மாத்திரை, குறட்டை நான்கையும் விசாரியுங்கள். ஒன்றும் செய்யாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார், விடிய மூன்றரை, நான்குக்கு விழிப்பு, வலியும் அப்போது பெரிதாக இல்லை, ஆனால் காலையில்தான் மனசு ரொம்பக் கனக்கிறது என்றால் அது மனச்சோர்வின் நேரம்.

பெருவிரல் மூட்டு நள்ளிரவில் தீப்பிடித்ததுபோல் வீங்கி, போர்வை பட்டாலே துடிக்கிறார் என்றால் யூரிக் அமிலம். 

காலை விறைப்பை நிமிடத்தில் கேளுங்கள்

"காலையில பிடிப்பு இருக்கா?" என்றால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். வேலையை வைத்துக் கேளுங்கள்: எழுந்து எவ்வளவு நேரம் கழித்து டம்ளரைச் சூட்டோடு ஒரு கையில் பிடிக்க முடிகிறது, வாசல் தெளிக்கக் குனிய முடிகிறது, சட்டை பட்டன் போட முடிகிறது? அரை மணிக்குள் விட்டுவிட்டால் தேய்மானப் பக்கம். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால், அதிலும் இரண்டு கையிலும் விரல் அடி மூட்டுகள் வீங்கியிருந்தால், முடக்குவாதத்தைச் சந்தேகியுங்கள். ஐம்பது தாண்டியவருக்கு இரண்டு தோளும் இரண்டு தொடையும் காலையில் தூக்கவே வராமல் திடீரென்று தொடங்கியிருந்தால் அதற்கும் அழற்சி நோய் ஒன்று இருக்கிறது, அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகளை எடுக்க எழுதுங்கள். இவரே புதிதாக ஒரு பக்கத் தலைவலி, பார்வை மங்கல் என்றும் சொன்னால் அன்றைக்கே அனுப்ப வேண்டும், கண் போய்விடும்.

ஏற்காட்டில் ஒரு கேள்வி கூடுதல். மார்கழி, தை குளிரில் மூட்டுப் பிடிப்பு எல்லோருக்கும் கூடத்தான் செய்யும். ஆனால் காபிப் பழம் பறிக்கப் போகும் காலையில் விரல்கள் முதலில் வெளுத்து, பிறகு நீலமாகி, சூடு பட்டதும் சிவக்கிறதா என்று கேளுங்கள். அப்படியென்றால் வெறும் குளிர் என்று விடாமல், இணைப்புத் திசு நோய்க்கான ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

பதினான்கு நாள் நோட்டு

ஒரே ஒரு மோசமான இரவை வைத்து முடிவு எடுக்க முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டு போடச் சொல்லுங்கள். நாளுக்கு ஒரு வரி: படுத்த மணி, தூங்கியிருக்கலாம் என்று தோன்றும் மணி, நடுவில் விழித்த தடவை, மொத்தம் விழித்திருந்த நேரம், கடைசியாக விழித்த மணி, படுக்கையை விட்டு எழுந்த மணி, பகல் தூக்கம், படுக்கும்போதும் எழும்போதும் வலி பத்துக்கு எத்தனை, காலை விறைப்பு எத்தனை நிமிடம். கடைசிக் கட்டத்தில் டீ, காபி, சாராயம், மாத்திரை எல்லாம் எத்தனை மணிக்கு என்று.

இதைக் காலையில்தான் நிரப்ப வேண்டும். ராத்திரியில் விழித்தவுடன் மணி பார்த்து எழுதச் சொன்னால், இல்லாத தூக்கமும் போகும். கடிகாரத்தைப் பார்க்காமல் தோராயமாகச் சொன்னால் போதும். பள்ளிவாசல் பாங்கு, முதல் பஸ் சத்தம், பால் வண்டி என்று அவரவர் தெருவில் இருக்கும் அடையாளங்களை வைத்துக்கொள்ளலாம். எழுதத் தெரியாதவர் பேரப்பிள்ளையை விட்டு எழுதச் சொல்லட்டும், அல்லது காலையில் வாட்ஸ்அப்பில் அரை நிமிடம் பேசி அனுப்பட்டும்.

கணக்கு இப்படி. ஒருவர் 9.30க்குப் படுக்கிறார், 10.30க்குத் தூங்குகிறார், நடுவில் ஒரு மணி நேரம் விழித்திருக்கிறார், 4.30க்கு விழித்து 5.30க்கு எழுகிறார். படுக்கையில் இருந்தது 8 மணி, தூங்கியது 5 மணி. 5ஐ 8ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 62.5. இந்த எண் 85க்குக் கீழே தொடர்ந்து இருந்தால் தூக்கம் உடைந்திருக்கிறது என்று பொருள். படுத்துத் தூங்க 30 நிமிடத்துக்கு மேல், அல்லது நடுவில் விழித்திருப்பது 30 நிமிடத்துக்கு மேல், வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதமாக, பகல் வேலையும் கெடுகிறது என்றால் நாள்பட்ட தூக்கமின்மை என்று எழுதலாம்.

எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். குளிர்காலத்தில் மலைமேல் எட்டு மணிக்கே கம்பளிக்குள் போய், காலை ஆறு வரை படுத்திருக்கும் பாட்டிக்குக் கணக்கு 60 என்று வரும். ஆறு மணி நேரம் நன்றாகத்தான் தூங்கியிருப்பார். பத்து மணி நேரம் படுத்ததுதான் கோளாறு. இவருக்கு மாத்திரை தேவையில்லை, தாமதமாகப் படுத்தால் போதும். விசைத்தறியில் ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று மாறுபவர்களுக்கு 24 மணி நேரத்தையும் சேர்த்து எழுதி, இரண்டு வாரத்தையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். சேர்த்துச் சராசரி எடுத்தால் இரண்டுமே தெரியாமல் போகும். பகலில் தூங்கும் வாரத்தில் பக்கத்துக் கூடத்துத் தறிச் சத்தமும் சித்திரை வெயிலில் தகரக் கூரையும் சேர்ந்தால் ஆரோக்கியமான ஆளுக்கும் தூக்கம் வராது. கூரை என்ன, ஜன்னல் எந்தப் பக்கம் என்பதையும் நோட்டில் குறியுங்கள்.

கையில் கட்டும் வாட்ச் காட்டும் ஆழ்தூக்கம், லேசான தூக்கம் என்ற எண்களை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். வலியில் அசையாமல் விழித்துப் படுத்திருப்பவரை அது தூங்குகிறார் என்று எழுதும்.

மூன்று மதிப்பெண் தாள்

தாளை முதலிலேயே நீட்டாதீர்கள். பேசி முடித்த பிறகுதான். மூன்று போதும்.

தூக்கமின்மைத் தீவிரம்: 7 கேள்வி, மொத்தம் 28, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியது. 7 வரை பிரச்சினை இல்லை. 8 முதல் 14 எல்லைக்கோடு. 15 முதல் 21 நடுத்தரம். 22 முதல் 28 கடுமை. சிகிச்சைக்குப் பிறகு 6 புள்ளியாவது குறைந்தால்தான் நோயாளிக்கே வித்தியாசம் தெரியும்.

எப்வொர்த்: பகலில் கண் அசருவதைக் கேட்கும் 8 சூழல்கள், மொத்தம் 24, 10க்கு மேல் போனால் அதிகம். இதில் காரில் ஒரு மணி நேரம் பயணம் என்று ஒரு சூழல் வரும். கார் ஏறாதவரிடம் பஸ் என்று மாற்றிக் கேட்கலாம், மாற்றியதைத் தாளில் எழுதுங்கள். ஆத்தூர் பஸ்ஸையோ நாமக்கல் பஸ்ஸையோ சொல்லுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும் ஏற்காடு பஸ்ஸில் தூங்காததை வைத்து ஒருவர் சுறுசுறுப்பாக இருக்கிறார் என்று சொல்ல முடியாது. வலியால் தூங்காதவர் களைத்திருப்பார், ஆனால் பகலில் படுத்தாலும் பெரும்பாலும் தூக்கம் வராது. உட்கார்ந்த இடத்தில் சாய்கிறார் என்றால் மூச்சடைப்பு (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது), மாத்திரை மயக்கம், ராத்திரி ஷிப்ட் பக்கம் தேடுங்கள்.

ஸ்டாப்-பேங், அந்த மூச்சடைப்பு இருக்குமா என்று பார்க்க: சத்தமான குறட்டை, பகல் களைப்பு, மூச்சு நிற்பதை மற்றவர் பார்த்தது, ரத்தக்கொதிப்பு, உடல் எடைக் குறியீடு 35க்கு மேல், வயது 50க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல், ஆண். ஆமாம் ஒவ்வொன்றுக்கும் 1. மூன்று வந்தால் கவனம், ஐந்து வந்தால் தூக்க ஆய்வுக்கு அனுப்பியே ஆக வேண்டும். எடைக் குறியீடு 35 என்ற வரம்பு நம்மூர் உடம்புக்குப் பொருந்துவதில்லை. அதற்கு வெகு கீழேயே இங்கே மூச்சடைப்பு வருகிறது. முடக்குவாதத்தில் தாடை மூட்டு தேய்ந்து தாடை பின்வாங்கியவர் ஒல்லியாக இருந்தாலும் குறட்டை விடுவார். பக்கத்தில் படுப்பவர் போனில் இரண்டு மூன்று நிமிடம் பதிவுசெய்யட்டும். மல்லாந்து படுத்திருக்கும்போதும் விடியற்காலையிலும் எடுத்தால் சரியாகப் பிடிக்கும். சத்தம், பிறகு நிசப்தம், பிறகு திணறி ஒரு இழுப்பு. அந்த நிசப்தம் 10 விநாடிக்கு மேல் நீள்கிறதா என்று எண்ணுங்கள்.

மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள்

சீட்டைப் படிப்பது பற்றாது. பையைத் தரையில் கொட்டச் சொல்லி, ஒவ்வொன்றையும் எத்தனை மணிக்குப் போடுகிறார் என்று கேளுங்கள். பிரெட்னிசோலோன் மாதிரி ஸ்டீராய்டு சாயங்காலம் போனால் தூக்கம் போகும்; காலைச் சாப்பாட்டுக்குப் பின் மாற்றலாமா என்று எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள். பெயரே இல்லாமல் சின்னக் கவரில் இருக்கும் "செட் மாத்திரை"யில்தான் பெரும்பாலும் சிக்கல். மூன்று வேளை போட்டால் வலி மாயமாகப் போகிறது என்றால் உள்ளே ஸ்டீராய்டு இருக்கலாம். முகம் உருண்டிருக்கிறதா, தோல் லேசாகத் தட்டினாலே கன்றுகிறதா, சர்க்கரை புதிதாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மாதக்கணக்கில் போட்டவரைத் திடீரென்று நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து. டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

டிரமடால் (வலிக்கு), பிரிகாபாலின் (நரம்பு வலிக்கு), அல்பிரசோலம் (பதற்றத்துக்கு) போன்றவற்றில் இரண்டு சேர்ந்து, கூடவே குறட்டையும் இருந்தால் இரவில் மூச்சு மந்தமாகும். இதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். கால் குடைச்சல் உள்ளவருக்கு அமிட்ரிப்டிலினும், தூக்கம் வரவைக்கிற பழைய சளி மாத்திரையும் குடைச்சலைக் கூட்டக் கூடும். தூக்கத்துக்கு என்று கொடுத்ததே தூக்கத்தைக் கெடுக்கும்.

குடியைப் பற்றி மனைவி முன்னால் கேட்காதீர்கள். "தூக்கத்துக்காகக் கொஞ்சம் போடுறதுண்டா, ஐயா?" என்று தனியாகக் கேட்டால் சொல்வார். குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும், இரண்டு மூன்று மணிக்கு உடையும். குறட்டையும் யூரிக் அமிலமும் கூடும்.

படுக்கை

எப்படித் தூங்குகிறாரோ அப்படியே படுத்துக் காட்டச் சொல்லுங்கள். சொல்வதும் படுப்பதும் ஒன்றாக இருப்பது அபூர்வம். தலையணை உயரத்துக்கு ஒரு சுலபமான அளவு உண்டு: சுவரில் தோள் விளிம்பு படும்படி பக்கவாட்டில் நிற்கவைத்து, தலையின் பக்கத்துக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். ஒருக்களித்துப் பாயில் படுப்பவருக்குத் தலையணை அழுந்திய பிறகும் அந்த உயரம் இருக்க வேண்டும், தரையில் தோள் புதையாது. மெத்தையில் தோள் புதையும் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். நாள்பட்ட இலவம்பஞ்சுத் தலையணை கட்டி தட்டி ஓரத்தில் ஒதுங்கியிருக்கும்; கையால் அழுத்திப் பார்த்தால் தெரியும். கயிற்றுக் கட்டில் தொய்ந்திருந்தால் இடுப்பும் முதுகும் குழியில் விழும். குறுக்கே குச்சி வைத்து, தொய்வு எத்தனை செ.மீ. என்று அளந்து எழுதுங்கள்.

முழங்கால் தேய்ந்தவர் தரையில் இருந்து எழுவதை நேரில் பாருங்கள். இரவில் இரண்டு தடவை பாத்ரூம் போக வேண்டும், பாத்ரூம் வெளியே, வழியில் விளக்கில்லை என்றால் விழுவதற்கான எல்லாம் இருக்கிறது. சிலர் எழுந்திருக்கும் சிரமத்துக்குப் பயந்து சாயங்காலத்தில் இருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். இதைக் கேட்டால்தான் வெளியே வரும்.

முடக்குவாதம் பல ஆண்டு இருப்பவர் பின்தலை வலி, கழுத்தை முன்னால் மடக்கினால் கை காலுக்கு ஷாக் அடிப்பது, கை தடுமாற்றம் என்று சொன்னால் கழுத்தைத் திருப்பவோ இழுக்கவோ கூடாது. மேல் கழுத்தெலும்பு நழுவியிருக்கலாம். தலையணையைப் பற்றிப் பேசுவதற்கு முன் எக்ஸ்ரே.

ரத்தப் பரிசோதனையும் மனசும்

ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புச் சேமிப்பு), டி.எஸ்.எச். (தைராய்டு), சர்க்கரை, ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., கிரியேட்டினின் (சிறுநீரகம்) பார்க்கச் சொல்லி டாக்டருக்கு எழுதலாம். கால் குடைச்சல் உள்ளவருக்கு ஃபெரிட்டின் 75க்குக் கீழே இருந்தாலே இரும்புச்சத்து கொடுப்பதைப் பற்றிக் கேட்கலாம். ஆய்வகத் தாளில் "நார்மல்" என்று அச்சாகியிருக்கும், ஏமாற வேண்டாம். மூட்டழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும், எனவே டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனையும் (இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற அளவு) பாருங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவுதான். இரும்பு மாத்திரையை டீயோடும் காபியோடும் விழுங்கினால் உடம்பில் சரியாக ஏறாது.

எட்டு மணி நேரம் தூங்கியும் அடித்துப்போட்ட மாதிரி எழுகிறார், மூன்று மாதத்துக்கு மேல் உடம்பு முழுக்க வலி, பரிசோதனை எல்லாம் சுத்தம் என்றால் ஃபைப்ரோமயால்ஜியா. இவர்களைச் சோம்பேறி என்றே வீடு முடிவு கட்டியிருக்கும். நோட்டை வைத்து வீட்டாருக்கு விளக்குவதும் வேலையில் ஒரு பகுதி.

கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் போனதா, மனசு சோர்ந்து கிடந்ததா என்ற இரண்டு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் கொடுத்து, 3 வந்துவிட்டால் மேலும் கேளுங்கள். "வாழ்ந்தது போதும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். டெலி-மானஸ் எண் 14416, எந்த நேரமும் பேசலாம்.

அன்றைக்கே அனுப்ப வேண்டியவர்கள்

எப்படிப் படுத்தாலும் குறையாத இரவு வலி, காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு: முதுகெலும்புக் காசநோயும் புற்றுநோயும் இப்படித்தான் தொடங்கும். ஒற்றை மூட்டு சூடாக வீங்கிக் காய்ச்சல் இருந்தால் மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம். உட்காரும் இடம் மரத்துப்போய், சிறுநீர் வராமல் நின்றோ தெரியாமல் போயோ இருந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். நரம்பு நசுங்குகிறது, மணிக்கணக்குதான் அவகாசம்.

மற்றவர்களை சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அருகில் உள்ள மருத்துவரிடமோ அனுப்பும்போது முழு நோட்டையும் கொடுத்தனுப்பாதீர்கள், கூட்டத்தில் யாரும் படிக்க நேரமிருக்காது. நான்கு வரி போதும்: "வயது 54, பெண், இரு முழங்கால் தேய்மானம். 14 நாள் நோட்டு: சராசரித் தூக்கம் 5 மணி, படுக்கையில் 8 மணி. விழிப்பு 1 மணிக்கும் 3 மணிக்கும், சிறுநீருக்காக. முழங்கால் வலி விழித்த பிறகுதான். குறட்டை, மூச்சு நிற்பதை மகள் பார்த்திருக்கிறார், ஸ்டாப்-பேங் 5, எப்வொர்த் 13, இரவில் டிரமடால் போடுகிறார்." கீழே கேள்வி ஒன்றே ஒன்று: "தூக்க ஆய்வு தேவையா, டிரமடாலைத் தொடரலாமா?" நான்கு வாரம் கழித்து அதே தாள்களை அதே வரிசையில் மறுபடி போடுங்கள், அதற்கு முன் பழைய மதிப்பெண்ணை நோயாளியிடம் காட்ட வேண்டாம்.